கிங்காவுக்காக வைத்த நேர்த்தி

ஒரு தவக்காலத்தில் அனஸ்ரேசியாவுக்கு ஒரு அர்ச்சியசிஷ்டவள், உயிரோடிருக்கிற ஒரு புனிதை, கிடைத்தாள். அவளைத் தேடி எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. அவருடைய வீட்டுக் கீழ்த்தளத்திலேயே வாடகைக்கு இருந்தாள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் ரயில் நின்று திரும்புகிற கடைசித் தரிப்பிடத்திலிருந்து மேட்டில் ஏறினால் வருகிற வரிசைவீடுகளில் ஒன்று அனஸ்ரேசியாவுடையது. கணவர் றெஜினோல்ட் நகரப் பேருந்து ஓட்டுபவர். அனஸ்ரேசியாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மகள் லீசா வேலை கிடைத்து ட்ரொண்ட்ஹைமுக்குப் போனபிறகு கீழ்வீடு சும்மா கிடந்தது. ஞாயிறுகளில் கோயிலில் முதலில் போலந்துக்காரரின் பூசை, பிறகு தமிழரின் பூசை. ஒரு கூட்டம் வெளியே வர மற்றக் கூட்டம் உள்ளே போகும். இரண்டும் பிள்ளைவண்டிகளோடு வாசலில் முட்டிக்கொள்ளும். அந்த நெரிசலில்தான் அறிவித்தல் பலகையில் வீட்டு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கிங்காவை அனஸ்ரேசியா பிடித்தார். பூசைக்கு வருகிற பிள்ளை பிழையான பிள்ளையாக இருக்காது என்பது அவர் கணக்கு.

கிங்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. சுவருக்கு நிறமடிக்கிற வேலை. மாலையில் வெள்ளை தெறித்த தலையோடு வந்து, பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி எங்கோ போய், களைத்து விழுந்து திரும்புவாள். கதவைச் சாத்துகிற சத்தம்கூட மேலே கேட்காது. இருவரும் பேசிக்கொண்டது நோர்வே மொழியில். இரண்டு பேருடையதும் அரைகுறைதான். ஆனாலும் அரைகுறைக்கு அரைகுறை நன்றாக விளங்கியது. அதை இங்கே எங்கள் தமிழில்தான் எழுதவேண்டியிருக்கிறது.

தவக்காலம் வந்தது. அனஸ்ரேசியா ஒரு கோப்பை புட்டும் இறால் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தார். கோப்பை தொடாமல் திரும்பி வந்தது. அடுத்த நாள் புட்டு வேண்டாமென்றால் இடியப்பமாவது என்று கொண்டுபோனார். அதுவும் திரும்பி வந்தது. அந்தக் கிழமையின் கடைசி இரண்டு நாளும் அந்தப் பெண் தண்ணீர்கூட மிடறு மிடறாகத்தான் குடித்தாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, படங்களில் இருக்கிற அர்ச்சியசிஷ்டவர்களைப் போலவே ஆகிவிட்டாள். அனஸ்ரேசியா அசந்துபோனார். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விட்டுவிட்டு வயிறு நிறைய மீன் சாப்பிடுவதையா நாங்கள் ஒருசந்தி விரதம் என்று சொல்லிக்கொள்கிறோம் என்று வெட்கப்பட்டார். வெட்கத்தைத் தனக்குள் வைத்திருக்கத் தெரிந்தவர் இல்லை. கோயில் முழுக்கச் சொன்னார். ஒரு பெண் தன்னுடைய மகளின் சோதனைக்காக மன்றாடச் சொல்லி, கிங்காவின் கையைப் பிடித்துக் கேட்டும் விட்டார்.

சனிக்கிழமை கழிந்து ஞாயிறு காலையில் அர்ச்சியசிஷ்டவள் ஒரு கண் முழுதாக மூடி, ஊதா நிறத்தில் வீங்கியிருக்க, படியேறி வந்தாள்.

"உம்மடை அர்ச்சியசிஷ்டவளுக்கு ஆரோ சாத்திப்போட்டாங்கள்," என்றார் றெஜினோல்ட்.

அனஸ்ரேசியா குளிர்ப்பெட்டிக்கு ஓடினார். எந்தப் பாவி, அவனுடைய பெயர் என்ன, பொலிசுக்கு எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே, குளிர்ப்பெட்டியில் கைக்கு அகப்பட்ட துருவின தேங்காய்ப்பூப் பக்கெற்றை எடுத்து அவள் கண்ணில் வைத்து அழுத்தினார்.

"பொலிசு வேண்டாம், அன்ரி," என்றாள் கிங்கா. லீசாவின் சிநேகிதிகளிடம் பிடித்துக்கொண்ட சொல் அது. "நானும் அவளுக்கு அடிச்சனான். கூட அடிச்சது நான்தான்."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவள் கிக்பொக்சிங் வீராங்கனை. கையாலும் காலாலும் சண்டை. பட்டினி கிடந்தது தன் எடைப்பிரிவுக்குள் வருவதற்காக. பதினாலு வயதில், போலந்தின் ரடோம் நகரில், ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் தொடங்கியிருக்கிறாள். முதலில் தொட்டால் புள்ளி என்கிற மெல்லிய சண்டை. பிறகு தலையில் கவசம், காலில் பட்டை கட்டிக்கொண்டு முழுச் சண்டை. இளையோர் போட்டியில் வெண்கலம் எடுத்திருக்கிறாள். இருபத்தொரு வயதில் மாமன் ஒருவரோடு நிறமடிக்க ஒஸ்லோவுக்கு வந்து இறங்கிய அன்றே, தங்குமிடம் பார்க்குமுன் சண்டைக் கழகம் எங்கே என்று விசாரித்திருக்கிறாள்.

"அப்ப நீர் ஒருசந்தி இல்லையோ?" என்று அனஸ்ரேசியா கேட்டார். அவருக்கு ஏமாற்றம்தான். கோயிலில் யார் யாருக்கு இனிப் பதில் சொல்வது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. றெஜினோல்ட் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

ஆனால் ஏமாற்றம் லில்லெஸ்ட்ரோம் மண்டபம் வரைக்கும்தான் நின்றது. அடுத்த அமெச்சூர் போட்டி அங்கே நடந்தது. றெஜினோல்ட் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். அனஸ்ரேசியா மன்னார்க்காரி. அடி என்றால் அவர் அறிந்தது ஒரே விதம்: ஒருவர் அடிப்பார், மற்றவர் வாங்குவார், வாங்கியவர் வாய் திறக்கமாட்டார். சரிசமமாக, சம்மதத்தோடு, நடுவில் நடுவர் ஒருவரை நிறுத்திவைத்து அடிபடலாம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. விரல்களுக்கு நடுவால் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற அந்தப் பிள்ளை, கயிறுகளுக்குள் போனதும் வேறு உயரமாகிவிட்டாள். அவசரமே படவில்லை. எதிரியின் கை வருவதற்கு முன்பே அது வருகிற இடத்திலிருந்து தலை போய்விட்டிருந்தது. பிறகு அவளுடைய இடது கால் எழும்பியது. எழும்பியதைக் கண்டவர் யாருமில்லை, பட்ட சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். 

எல்லாம் முடிந்ததும் அடித்தவளும் அடிவாங்கியவளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அனஸ்ரேசியாவை உலுக்கியது அதுதான். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது பெரிய விஷயம் என்பதால் றெஜினோல்ட் வானொலியைக்கூடப் போடவில்லை.

அமெச்சூராக நோர்வேயில் இரண்டு முறை முதலிடம் வந்தாள் கிங்கா. ஐரோப்பியப் போட்டிக்குப் போய் முதல் சண்டையிலேயே தோற்று, ஒரு கிழமை யாரோடும் கதைக்காமல் இருந்தாள். இருபத்தேழு வயதில் தொழில்முறைக்கு மாறினாள். தலைக்கவசத்தைக் கழற்றுவதுதான் வித்தியாசம் என்று, குளிருக்குப் போட்ட தொப்பியைக் கழற்றுவது மாதிரிச் சொன்னாள். ஆளை விழுத்துகிற சண்டைக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் கெடுபிடி அதிகம். அதனால் வெள்ளிக்கிழமை போலந்துக்குப் பறப்பாள், சனிக்கிழமை சண்டை, திங்கட்கிழமை காலை மறுபடி நிறவாளி. முதல் தொழில்முறைச் சண்டையில் தோற்றுவிட்டு வந்த திங்கட்கிழமை, ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையின் உட்கூரைக்கு நிறமடிக்கப் போனாள். அடிவாங்கிக் கன்றிய தோளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். எப்படி முடிந்தது என்று அனஸ்ரேசியா கேட்டார். கூரை காயவேண்டாமா என்றாள் அவள். அதற்குப் பிறகு அனஸ்ரேசியா தன்னுடைய முழங்கால் நோவைப்பற்றி அந்த வீட்டில் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்.

தோல்விக்குப் பிறகு வெற்றிகள் வரத்தொடங்கின. றெஜினோல்ட் தொலைக்காட்சியில் போலந்துச் சண்டைகளைப் பார்ப்பதற்குக் காசு கட்டி வழிசெய்தார். கிங்கா சண்டைக்குப் போகிற நாட்களில் தேங்காய்ப்பூப் பக்கெற் ஒன்று கூடுதலாக வாங்கப்பட்டது. முகத்தில் வைத்த பக்கெற்றைப் பிறகு கறிக்குப் போடலாமா கூடாதா என்று கணவனுக்கும் மனைவிக்கும் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம்.

வார்சோவில் நடந்த சண்டையில்தான் அது நடந்தது. வென்றால் பட்டத்துக்கான சண்டை கிடைக்கும் என்ற நிலை. இரண்டாம் சுற்றில் எதிரியின் முழங்கால் எங்கிருந்தோ வந்து கிங்காவின் விலாவில் ஏறியது. அதன் பின்னாலேயே கை. கிங்கா விழுந்தாள். அனஸ்ரேசியா பார்த்தது அவ்வளவுதான். அடுத்த கணம் அவர் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த, மன்னாரின் மடுத் திருத்தலத்து மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

"மாதாவே, பிள்ளையை எழுப்பி முழுசாய்த் தாங்கோ. இதுதான் அவளின்ரை கடைசிச் சண்டை. இனி விடமாட்டன். அதுக்கு நான் பொறுப்பு."

எங்கள் ஆட்களுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை. மகனுக்கு மொட்டையடிப்பதாகத் தாய் நேருவாள், மொட்டை மகனுடையது. மகள் மடுவுக்குக் கால்நடையாக வருவாள் என்று தகப்பன் நேருவார், கால் மகளுடையது. யாருக்காக வைக்கிறோமோ அவரைக் கேட்டு நேர்த்தி வைத்த ஆளை நான் கண்டதில்லை. கேட்பதற்கு நேரமும் இருக்காது.

பின்னால் றெஜினோல்ட் கத்துவது கேட்டது. கிங்கா எழும்பிவிட்டாள். மூன்றாம் சுற்றில் வென்றும் விட்டாள்.

திங்கட்கிழமை அவள் படியேறி வந்து, வீங்கிய உதட்டோடு சிரித்துக்கொண்டு, மாரிக்குளிர் முடிய கிடான்ஸ்க் நகரில் பட்டத்துக்கான சண்டை, ஐந்து சுற்று, ஒல்லாந்துக்காரி ஒருத்தியோடு என்று சொன்னாள். பதினாலு வயதிலிருந்து இதற்காகத்தான் என்றாள். அனஸ்ரேசியா சுவரில் இருந்த மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு அவர் செய்த திருகுதாளங்கள் கொஞ்சநஞ்சமல்ல. எடை குறைக்கிற பிள்ளைக்கு நெய்ச்சோறு கொண்டுபோனார். லீசாவின் சிநேகிதிக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்லி, வயசு போகுது பிள்ளை என்று கொக்கி போட்டார். முதியோர் இல்லத்தில் தலையில் அடிபட்டு மறதி வந்த ஒருவரின் கதையைத் தேவைக்கு அதிகமாகச் சொன்னார். கிங்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போனாள்.

கடைசியில் அனஸ்ரேசியா கோயிலில் பூசை வைக்கிற சுவாமியிடம் போனார். சுவாமி அவரைவிட வயதில் இளையவர்.

"அம்மா, நேர்த்தி நேர்ந்தவரை மட்டும்தான் கட்டும்," என்றார் சுவாமி. "மற்றவளின்ரை வாழ்க்கையை நீங்கள் நேர ஏலாது. திருச்சபைச் சட்டமே அதுதான். நீங்கள் வேறை ஏதும் புண்ணியம் செய்யுங்கோ."

அனஸ்ரேசியா நன்றி சொல்லிவிட்டு வந்தார். மனம் ஆறவில்லை. சுவாமி சட்டம் படித்தவர்; மாதாவிடம் வாக்குக் கொடுத்தது அவரில்லையே. வாக்கு மாறினால் கிடான்ஸ்கில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு அவரைத் தின்றது. பொறுக்கமுடியாமல் ஒருநாள் மாலை, கிங்கா தேநீருக்கு வந்திருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கிங்கா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்ரை அம்மாவும் இப்பிடித்தான் நேருறவ," என்றாள். "நீங்கள் இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அன்ரி."

அந்த வசனம் அனஸ்ரேசியாவைக் கொன்றது. சட்டம் கட்டாத நேர்த்தி இப்போது பிள்ளையின் மனதைக் கட்டிவிட்டது. அடுத்த கிழமை கிங்காவின் பயிற்சியாளர் எட்வேட் வீட்டுக்கே வந்துவிட்டார். நெடிய நோர்வேக்காரர், தானும் ஒருகாலத்தில் சண்டை போட்டவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்து இருந்தார்.

"அவளின்ரை கால் யோசிக்குது," என்றார். "கால் யோசிக்கக் கூடாது. யோசிக்கிற காலோடை அந்த ஒல்லாந்துக்காரிக்கு முன்னாலை போனால் அடி கண்டபடி விழும். நான் சண்டையை நிப்பாட்ட யோசிக்கிறன். என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அனஸ்ரேசியாவுக்குத் தெரியும். எட்வேட் போனதும் அவர் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனார். கிங்கா கட்டிலின் ஓரத்தில் கைக்குச் சுற்றுகிற துணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். நேர்த்தி என்னோடை. வாறது எனக்கு வரட்டும். நீர் போம்."

"அன்ரி, ஒண்டு கேக்கிறன். வார்சோவிலை நான் விழுந்தாப்பிறகு நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

"நான் காணேல்லை. நான் படத்துக்கு முன்னாலை நிண்டனான்."

"அப்ப நான் எழும்பினதைக் காணேல்லை."

"இல்லை."

கிங்கா துணியை வைத்தாள். "சண்டைக்கு முன்னம் நானும் மாதாவைக் கும்பிடுறனான். ஒண்டுதான் கேக்கிறது. இரண்டு பேரும் தங்கடை காலாலை நடந்து வீட்டை போகவேணும் எண்டு. மற்றதெல்லாம் என்ரை வேலை. அண்டைக்கு எழும்பினதும் என்ரை வேலை. அதை நீங்கள் மாதாவின்ரை கணக்கிலை எழுதி, என்னை விலையாய்க் குடுத்துப்போட்டீங்கள்."

அனஸ்ரேசியா அவள் வைத்த துணியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து உருட்டத் தொடங்கினார். 

"கிடான்ஸ்குக்கு வாங்கோ," என்றாள் கிங்கா. "பக்கத்திலை இருங்கோ. நேர்த்தி ஒண்டும் வைக்காதேங்கோ. கண்ணை மூடாதேங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

போனார்கள். றெஜினோல்ட் லீவு போட்டுக்கொண்டு, தன் பேருந்தை யாரோ பழுதாக்கிவிடப்போகிறான் என்ற கவலையோடு வந்தார். எட்வேட் அவர்களை கிங்காவின் மூலைக்குப் பின்னாலேயே இருத்தினார். வென்றவருக்குக் கட்டுகிற பட்டப் பட்டி அன்று கிங்காவின் இடுப்புக்கு வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். புள்ளி போடுகிற நடுவர்கள் மூவரில் இருவர் ஒல்லாந்துக்காரிக்குக் கொடுத்தார்கள். கிங்கா அதற்குப் பிறகும் சண்டை பிடித்தாள், இப்போதும் பிடிக்கிறாள், பகலில் இப்போதும் ஒஸ்லோவின் சுவர்களுக்கு நிறமடிக்கிறாள். அனஸ்ரேசியா தன்னைச் சந்திக்கிற எல்லோருக்கும் சொல்வது பட்டியின் கதையை அல்ல. நான்காம் சுற்றைத்தான் சொல்வார்.

நான்காம் சுற்றில் ஒல்லாந்துக்காரியின் கால் கிங்காவின் காதோரம் விழுந்தது. கிங்கா முகம் தரையில் பட விழுந்தாள். ஆயிரக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் எழும்பியது. அனஸ்ரேசியாவும் எழும்பினார். மாதாவே என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் நேர்த்திகள் வரிசையில் நின்றன: வாழ்நாள் முழுக்க ஒருசந்தி, மடுவுக்கு முழங்காலில், எதுவென்றாலும். அவர் வாயை மூடினார். கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

கிங்காவின் கன்னம் விரிப்பில் இருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஒன்றையும் பார்க்கவில்லை. நடுவர் விரல் விரலாக எண்ணத் தொடங்கினார். பிறகு அந்தக் கண்களுக்குள் யாரோ திரும்பி வந்தார்கள். வந்தவள் பதறவில்லை. முதலில் மூச்சை இழுத்து விட்டாள். கையுறையை விரிப்பில் ஊன்றினாள். அது வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். ஒரு முழங்கால் வந்தது. அதோடு நின்று, எண்ணுகிறவரைப் பார்த்து, தனக்குச் சொந்தமான நேரம் முழுவதையும் நிதானமாக எடுத்துக்கொண்டாள். அவ்வளவு சனம் நின்ற மண்டபத்தில் ஒரு கையும் அவளுக்குக் கீழே போகவில்லை. போக அனுமதியும் இல்லை. பெற்ற தாய் வந்திருந்தாலும் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். ஒற்றை உயிர் தன்னைத்தானே தரையிலிருந்து பொறுக்கி, அடுக்கி, நிமிர்த்தியது. அறுபதை எட்டப்போகிற அனஸ்ரேசியா, போரைக் கண்டவர், பிள்ளை பெற்றவர், இறப்பவர்களுக்குக் கஞ்சி பருக்கியவர், இப்படி ஒன்றைத் தன் வாழ்நாளில் முழுதாகப் பார்த்ததில்லை.  கை கூப்பவும் மறந்துவிட்டார்.

கிங்கா எழுந்து நின்று, கைகளை உயர்த்தி, நடுவரின் முகத்தை நேராகப் பார்த்தாள். சண்டை மறுபடி தொடங்கியது.

"மாதாவே," என்றார் அனஸ்ரேசியா, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் சொல்வது மாதிரி. "பிள்ளை எழும்பினதைக் கண்டனீங்களோ?"